பைன் மரத்து மஞ்சள்

கொடைக்கானல் பள்ளிக்கூடத்தில் என்னை வேலைக்கு எடுத்தது இரசாயனம் சொல்லிக்கொடுக்கத்தான். நீச்சல் குளத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் வருஷம் நிம்மதியாகப் போயிற்று. அடுத்த வருஷம், குளத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டார். முதல்வர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கடல் கடந்து வந்து பல வருஷமாக மலையிலேயே இருந்தவர். தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர். "குளோரின் என்பது தங்கள் பாடத்தில் வருகிறது அல்லவா?" என்று கேட்டார். வருகிறது என்றேன். "மிகவும் நல்லது" என்றார். அவ்வளவுதான், குளம் என் தலையில் விழுந்தது.

எனக்கு நீச்சல் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். தண்ணீருக்குள் இறங்க வேண்டியதில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். பார்த்துக்கொள்வதாம்! கைக்குழந்தையைக்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய் வரலாம். அந்தக் குளத்தை அரை நாள் யாரிடமும் ஒப்படைக்க முடியாது.

இது ஐம்பதுகளின் கடைசியில். விடுதிக்குக் கீழே ஒரு பள்ளத்தில் குளம் இருந்தது; சுற்றிலும் ஆள் உயரத் தகர வேலி, ஒரே கதவு. ஓடைத் தண்ணீரைக் குழாய் வைத்து இழுத்து நிரப்புவோம். மூன்று பக்கமும் பைன் மரங்கள். குளத்தில் காற்று அடிக்காமல் இருக்கட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் எந்தக் காலத்திலோ நட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். காற்று என்னவோ தாராளமாக அடித்தது. மரங்கள் செய்த ஒரே காரியம், மாசி பிறந்ததும் பூத்து, மஞ்சள் மஞ்சளாகத் தூளைக் கொட்டியதுதான். பைன் மரத்துப் பூ என்று கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. கிளை நுனியில் கொத்தாக ஏதோ முளைத்திருக்கும். காற்று ஒரு தட்டுத் தட்டினால் புகை கிளம்பும். ஜன்னல் விளிம்பு, துணி காயப்போட்ட கொடி, பால் பாத்திரம், என் மூக்குக் கண்ணாடி, எதையும் விட்டுவைக்காது. மகரந்தம் என்று வகுப்பில் அழகாகச் சொல்லிக்கொடுக்கிறோம். அது நீச்சல் குளத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

குளத்தில் விழுந்தால் அது குளோரினைத் தின்றுவிடும். குளோரினுக்குக் கிருமியை மட்டும் தேடிப் போய்க் கொல்ல வேண்டும் என்ற அக்கறையெல்லாம் கிடையாது. எதிரே வருகிற எதன்மீதும் பாய்ந்து, தானும் தீர்ந்து போகும். காலையில் அளவைச் சரியாக வைத்துவிட்டு வகுப்புக்குப் போவேன். மத்தியானத்துக்குள் தூள் பாதியையும், மலை வெயில் மீதியையும் காலி செய்திருக்கும். சரி, இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே போடுவோம் என்று போட்டால், அன்றைக்குப் பார்த்து மேகம் இறங்கிவிடும்; காற்று நின்றுவிடும்; தூள் ஒரு பொட்டுகூட விழாது. பையன்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வரிசையாக நர்ஸ் அறைக்குப் போவார்கள். நர்ஸ் என்னைத் தேடிக்கொண்டு வருவார். கூட்டினால் கண் எரிச்சல், குறைத்தால் பாசி. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருந்தது. அது ஒரு நாளும் ஒரே இடத்தில் நின்றதில்லை.

பிளீச்சிங் பவுடர் மதுரையிலிருந்து லாரியில் பீப்பாயாக வரும். மதுரையில் மூடியபோது இருந்த வீரியம் மலை ஏறும்போதே கொஞ்சம் குறைந்துவிடும். பீப்பாயை ஒரு தடவை திறந்தால் போதும், மூடுபனி உள்ளே புகுந்து எல்லாம் கட்டி தட்டிப்போகும். மேலே ஒரு வீரியம், நடுவே ஒரு வீரியம், அடியில் வெறும் சுண்ணாம்பு. எவ்வளவு போட வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்ததெல்லாம் அந்தப் பீப்பாய்க்கு முன்னால் செல்லுபடியாகவில்லை.

எல்லாவற்றையும் விட எரிச்சல், குளோரின் இருக்கிறதா என்று பார்க்கிற முறை. கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரை எடுத்து, ஒரு மருந்தைச் சொட்டு விட வேண்டும். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு குளோரின். மஞ்சள்! உலகத்தில் வேறு நிறமே அகப்படவில்லை போலிருக்கிறது. ஏற்கெனவே தூள் கரைந்து மஞ்சளாகக் கிடக்கிற தண்ணீரில் மஞ்சள் வருகிறதா என்று பார்க்கச் சொன்னால் மனிதன் என்ன செய்வான்? முதல் வாரம் குழாயைத் தூக்கிப் பார்த்து, பேஷ், குளோரின் ஏராளம் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். வாரக் கடைசியில் தண்ணீருக்கு அடியில் தரை தெரியவில்லை. மருந்து விடாத தண்ணீரை இன்னொரு குழாயில் பிடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று பிறகுதான் புத்தி வந்தது.

எனக்கு உதவிக்கு ஒருவர் இருந்தார், வில்பட்டிக்காரர். வீட்டில் பூண்டும் கோசும் போட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் தோட்ட வேலை. பழைய வேட்டிகளை முனைக்கு முனை சேர்த்துத் தைத்து நீளமாக ஒரு துணி செய்து வைத்திருந்தோம். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, அவர் அந்தக் கரையிலும் நான் இந்தக் கரையிலுமாக நடந்து, மேலே மிதக்கிற தூளை ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போவோம். மூலையில் சேர்ந்ததை வாளியால் வாரிக் கொட்ட வேண்டும். சுவரோடு ஒட்டியதைத் தென்னம் விளக்குமாற்றால் தேய்க்க வேண்டும். எல்லாம் முடித்து நாங்கள் நிமிர்வதற்குள் ஒரு காற்று அடிக்கும்.

"மரத்துக்கு நம்ம மேல என்னமோ கோவங்க சார்" என்பார் அவர்.

"வெட்டிப் போட்டுட்டா என்ன?"

"வெட்டிப்புடலாங்க. வெரசா ஆயிரும் சோலி. அப்புறம் நம்மள வெட்டிப்புடுவாங்க."

அதுவும் வாஸ்தவம்தான். அந்த மரங்களில் ஒரு கிளையைக் கழிக்க வேண்டும் என்றாலும் முதல்வர் முகம் வாடிப் போகும்.

இந்தத் தொல்லை இத்தோடு நின்றிருந்தால் நான் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பழனிக்காரி. அவள் அப்பாவுக்கு அடிவாரத்தில் கடை. ஊருக்கு வெளியே கொஞ்சம் தோட்டம், அதில் ஒரு பெரிய கிணறு. சின்ன வயதில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி அவளை அந்தக் கிணற்றில் இறக்கிவிட்டார்களாம். அதற்குப் பிறகு அவளைக் கிணற்றிலிருந்து வெளியே வரவழைப்பதுதான் வீட்டில் பெரிய வேலையாக இருந்தது என்று என் மாமியார் சொல்வார். அப்படிப்பட்டவள் என்னைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தாள். தகரக் கூரை போட்ட குளியலறை, ஓர் அண்டா வெந்நீர், அது ஆறுவதற்குள் அவசர அவசரமாக நாலு செம்பு. "இதுக்குப் பேரு குளியலாக்கும்? மேல தெளிச்சுக்கிறோம், அம்புட்டுத்தான்" என்பாள். குளம் என் பொறுப்புக்கு வந்த அன்றைக்கே அவள் கேட்ட கேள்வி, "அதுல நாங்க எறங்கலாமா?" என்பதுதான்.

இறங்க முடியாது. குளம் மாணவர்களுக்கு, அவர்கள் போன பிறகு வெளிநாட்டு ஆசிரியர் குடும்பங்களுக்கு. அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லை. நம் ஆட்கள் யாரும் இறங்கியதில்லை, அவ்வளவுதான்.

"எறங்கக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கா?"

"இல்ல."

"அப்பக் கேளுங்க."

இன்றைக்குக் கேட்டீர்களா, இன்றைக்குக் கேட்டீர்களா என்று அவள் விடவேயில்லை. தூளோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் இது. கடைசியில் பொறுக்க முடியாமல் முதல்வரிடம் போய்க் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, சனிக்கிழமை மாலையில் ஊழியர் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் வரலாம் என்றார். "தண்ணீர் கெடாமல் இருக்கும் வரை" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார். அது என்னைப் பார்த்துச் சொன்னது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை குமாஸ்தா வீட்டிலிருந்தும் சமையல்காரர் வீட்டிலிருந்தும் ஆசிரியர்கள் வீடுகளிலிருந்தும் பெண்கள் பழைய சேலையோடு வந்தார்கள். நான் தண்ணீரைச் சோதித்துவிட்டு வெளியே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு காவலுக்கு நின்றேன். இருட்டுவதற்கு முன்னால் என் மனைவி வெளியே வந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது; பல் அடித்துக்கொண்டது. "ஐஸுங்க, சுத்தமா ஐஸு" என்றாள். வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். மலைக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எவ்வளவு பாடுபட்டாலும் இந்தச் சனிக்கிழமையைக் கெடாமல் காப்பாற்றிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டு சனிக்கிழமைதான் போயிருக்கும். திங்கட்கிழமை முதல்வர் கூப்பிட்டார். அறையில் விடுதி மேட்ரன் உட்கார்ந்திருந்தார். பட்டணத்திலிருந்து வந்த தமிழ் அம்மாள். முகத்திலிருந்து கழுத்து வரைக்கும் ரோஜா நிறப் பவுடர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் விஷயத்தில் கண்ணும் கருத்துமானவர், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"நான் என் கண்ணால பார்த்தேன் சார். சண்டே காலையில குளத்துச் சுவரைச் சுத்தி மஞ்சள் கோடு. போன வாரமும் அதே மாதிரி. சாட்டர்டே ஈவினிங் உங்க லேடீஸ் குளிக்கிறாங்க, சண்டே மார்னிங் மஞ்சள். முகத்துலயும் கால்லயும் பூசிக்கிறதெல்லாம் தண்ணியிலதானே சார் போகும்? எங்க பிள்ளைங்க அதுல எப்படி இறங்கும்?"

"அது பைன் மரத்துத் தூளுங்க."

"அப்போ மண்டேலேர்ந்து ஃப்ரைடே வரைக்கும் மரம் லீவா?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் ஆத்திரம். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பெண்கள் மஞ்சள் பூசுவார்கள், சனிக்கிழமையும் அது முகத்தில் தெரியும், வாஸ்தவம்தான். ஆனால் ஒரு குளம் முழுக்கக் கோடு போடுகிற அளவுக்கு யார் முகத்தில் மஞ்சள் இருக்கிறது? இதைச் சொல்ல வாயெடுத்தேன். "காரணம் தெரியும் வரை சனிக்கிழமை மாலையை நிறுத்தி வைப்போம்" என்று முதல்வர் மிகவும் வருத்தத்தோடு சொல்லிவிட்டார்.

வீட்டில் வந்து இதைச் சொன்னேன். "மஞ்சளா?" என்று ஒரு தடவை கேட்டாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள். மறுநாளிலிருந்து அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "எப்பத் தெறப்பாங்க?" மழைக்கு முன்னால் குளத்தை வடித்துவிட்டு மூடிவிடுவோம்; அதற்கப்புறம் அடுத்த வருஷம்தான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பங்குனி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்று குறைந்துகொண்டிருந்தது. குளோரினோ வழக்கம்போல ஒரு நாள் ஏறிற்று, ஒரு நாள் இறங்கிற்று. என் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் மாணவர்கள்மேல் காட்டினேன். அந்த மாதம் நிறையப் பேர் வகுப்புக்கு வெளியே நின்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓய்வு நாளையும் கெடுத்துக்கொண்டு, குளத்துக்குப் போய்ப் பார்த்தேன். சுவரைச் சுற்றி மஞ்சள் கோடு, மேட்ரன் சொன்ன மாதிரியே. முந்தின நாள் சனிக்கிழமை; ஒரு பெண்கூடக் குளத்தில் இறங்கவில்லை. பார்த்தவுடன் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வில்பட்டிக்காரருக்கு லீவு, எனக்கும் லீவு. வேட்டியை இழுப்பதற்கும் சுவரைத் தேய்ப்பதற்கும் ஆளில்லை. மற்ற நாளெல்லாம் அந்த அம்மாள் எழுந்து வருவதற்கு முன்பே நாங்கள் வழித்து வாரிக் கொட்டிவிடுகிறோம். மரம் ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை, எடுத்தது நாங்கள்தான். இவ்வளவு சின்ன விஷயம், இத்தனை நாள் மண்டையில் ஏறாமல் போய்விட்டதே என்று எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

பிரார்த்தனை முடிந்து வந்த முதல்வரையும் மேட்ரனையும் கையோடு குளத்துக்குக் கூட்டி வந்தேன். நேற்று யாரும் குளிக்கவில்லை, இன்றைக்கும் கோடு இருக்கிறது, பாருங்கள் என்றேன். மேட்ரன் குனிந்து பார்த்தார்.

"பழைய மஞ்சள் ஊறியிருக்கும் சார். அது லேசுல போகாது. என் சேலையில பட்ட கறை ஒண்ணு எத்தனை வெளுப்புக்குப் போட்டும் போகல."

குளோரின் இருக்கிற தண்ணீரில் பூசுமஞ்சள் நிறம் வெளுத்துப் போகும் என்று விளக்க ஆரம்பித்தேன். இருவர் முகத்திலும் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவர்களின் களை தெரிந்தது. அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"மஞ்சள்தூள் கொஞ்சம் குடு."

"எதுக்கு?"

"குடேன், சொல்றேன்."

ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு கிண்ணத்தில் கொடுத்தாள். விடுதிச் சமையலறையில் இருந்து இரண்டு வெள்ளைத் தட்டையும், சமையல்காரரின் வெற்றிலைப் பையிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். ஒரு தட்டில் மஞ்சள்தூளைக் கரைத்தேன். இன்னொன்றில் சுவரிலிருந்து வழித்த தூள். பார்வைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. இரண்டிலும் சுண்ணாம்பைத் தொட்டு வைத்துக் கலக்கினேன். மஞ்சள் இருந்த தட்டு இரத்தச் சிவப்பாகிவிட்டது. குளத்துத் தூள் மாறவேயில்லை. அப்படியே மஞ்சளாகக் கிடந்தது.

"ஆரத்தி" என்றார் மேட்ரன், தன்னை மறந்து. ஆரத்தி கரைக்காத வீட்டிலிருந்தா அவர் வந்திருக்கிறார்? அவர் முகம் பவுடரையும் மீறிச் சிவந்துவிட்டது. "சாரி சார். நான் தப்பா நெனச்சுட்டேன்" என்று வெளிப்படையாகவே சொன்னார். முதல்வருக்கு ஒரே பரவசம். இரண்டு தட்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். "அழகான இரசாயனம்! இதனை வகுப்பிலும் தாங்கள் செய்து காட்ட வேண்டும்" என்றார். வருகிற சனிக்கிழமையிலிருந்து பெண்கள் வழக்கம்போல வரலாம் என்றும் சொன்னார்.

என் கால் தரையில் பாவவில்லை. அன்று மாலைக்குள் விஷயம் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு. மனைவியிடம் தட்டு சிவந்ததை இரண்டு தடவை சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "சரிங்க" என்றாள். இதற்காக இவ்வளவு பாடுபட்டவனிடம் வெறும் சரிதானா என்று எனக்குக் குறையாக இருந்தது. இருந்தாலும் அந்த வாரம் முழுக்கக் குளத்தை விட்டு நான் நகரவில்லை. ஒரு நாளில் இரண்டு தடவை வேட்டியை இழுத்தோம். பழனியிலிருந்து படிகாரம் வரவழைத்துக் கலக்கி, கரைந்திருந்த தூளை அடியில் படியவைத்து வாரினோம். புதுப் பீப்பாய் உடைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் குழாயைத் தூக்கிப் பார்த்தபோது நிறம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. தண்ணீருக்கு அடியில் தரையின் விரிசல்கூடத் தெரிந்தது. அந்த வருஷத்தில் அப்படி ஒரு தண்ணீர் அதற்கு முன்னால் வாய்க்கவில்லை.

பெண்கள் வந்தார்கள். என் மனைவிதான் முன்னால் வந்தாள். எனக்கு முதலில் என்னவென்று பிடிபடவில்லை. எல்லோர் முகமும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களின் முகமாக வெளிறித் தெரிந்தது. கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. ஒருத்தி முகத்திலும் மஞ்சள் இல்லை. தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தார்கள். சமையல்காரர் மனைவிக்குக் கன்னம் உரிந்து சிவந்திருந்தது. அவள் கழுத்தில் கிடந்த தாலிக் கயிற்றின்மீது ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிப் பின் குத்தியிருந்தாள்.

எனக்கு வந்ததே கோபம். மனைவியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"கழுவிட்டு வாங்கன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலைங்க."

"அப்புறம் எதுக்கு இதெல்லாம்? அதான் மஞ்சள் இல்லேன்னு நிரூபிச்சாச்சே! தட்டு வச்சு, சுண்ணாம்பு வச்சு, ரெண்டு பேருக்கும் நேரா நிரூபிச்சிருக்கேன். அப்புறமும் கழுவிட்டு வந்து நின்னா என்ன அர்த்தம்?"

அவள் கதவின்மீது கையை வைத்தபடி நின்றாள்.

"அந்தக் கோடு மஞ்சள் இல்லேன்னு நிரூபிச்சீங்க. நல்ல காரியந்தான். மஞ்சள் அழுக்கு இல்லேன்னு நீங்க சொல்லலையே."

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மற்றவர்களை உள்ளே விட்டு, கடைசியாகத் தானும் போய், கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் தண்ணீரில் குதித்த சத்தம் கேட்டது.